குழிக்குக் காவல்

மொன்டானாவில் பியூட்.
ஒரு மலையைத் தின்று வளர்ந்த ஊர்.
தின்ற இடத்தில் இப்போது தண்ணீர்.

தண்ணீர் என்பது பழக்கத்தில் சொல்வது.
நிறம் உலர்ந்த இரத்தம், நாக்கில் பட்டால் காடி.
இரும்பு ஆணியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப்
பத்து நாள் கழித்து இழுத்தால்
செம்பு ஏறியிருக்கும்.

ஊருக்குள் ஒரு கதை உண்டு.
எவனோ ஒருவன் சுரங்கத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில்
தகர டப்பாக்களை வீசிவிட்டுப் போனானாம்,
திரும்பி வந்து அள்ளியது செம்பு.
அவனுக்கு ஐரிஷ்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்,
கார்ன்வால்காரர்கள் வேறு.
பின்லாந்துக்காரர்களோ அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்பார்கள்.
டப்பா மட்டும் எல்லாக் கதையிலும் ஒன்றுதான்:
பீச் பழ டப்பா.

சுரங்க வாசலில் பதினாறு மொழிகளில் எழுதியிருந்ததாம்,
புகைக்காதே.
பற்றவைத்தவன் பதினேழாவது மொழிக்காரன்
என்று மதுக்கடையில் சிரிப்பார்கள்,
பிறகு கொஞ்சநேரம் யாரும் பேசமாட்டார்கள்.

டெல்ஃபினா பெர்டோலியோவுக்கு இரவு முறை.
குழியின் விளிம்பில் பலகைக் குடிசை.
மின்கணப்பு, தொலைநோக்கி, துப்பாக்கி,
கட்டம் போட்ட நோட்டு.
வேலை: வாத்து விரட்டுவது.

தினைப்புனத்துப் பரணில் நின்று கிளி ஓட்டியவர்கள்
கதிரைக் காத்தார்கள்.
இங்கே கதிர் இல்லை.
பறவையைக் காக்கத்தான் பறவையை நோக்கி வெடி.
சென்ற நவம்பரில் இறங்கிய முந்நூற்றுச் சொச்சத்தைப்
படகில் போய் அள்ளிய பிறகு
கம்பெனி உண்டாக்கிய உத்தியோகம் இது.

அவள் பிறந்த தெரு
அந்தத் தண்ணீருக்கு மேலே, காற்றில், எங்கேயோ.
அடுக்களை இருந்த இடத்தில் இப்போது
வாத்து பறக்கலாம்.
(பறக்க விடுவதில்லை.)
நாடகமாக்காதீர்கள் என்பாள், கேட்பவர்களிடம்.
கூரை ஒழுகிய வீடு. அப்பன் குடித்த வீடு.
மனைக்குக் காசு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம்.
வீட்டை லாரியில் ஏற்றி நகர்த்தியபோது
அலமாரியில் ஒரு தட்டுகூட உடையவில்லை.
அதைத்தான் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.
தெருவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் கடைசி. மூடுபனி.
தொலைநோக்கி வெறும் கழுத்துப் பாரம்.
இரண்டரை மணிக்கு மேலே சத்தம்,
பூட்டாத நூறு கதவுகள் ஒரே காற்றில் ஆடுவதுபோல.
பார்க்காமல் எதைச் சுடுவது?
சுட்டாள், சத்தத்தின் பக்கமாக.
சங்கு ஊதினாள்.
ஒலிபெருக்கியில் பதிவுசெய்த பருந்து கத்தியது,
யாரும் நம்பவில்லை.
தோட்டா தீர்ந்தது.

ஸ்பேனரை எடுத்தாள்.
குடிசைக்குப் பின்னால் நட்டுவைத்த தண்டவாளத் துண்டில்
மூன்று அடி. நிறுத்தம். மூன்று அடி.
கூண்டுக்கு மணியடித்த காலத்தில்
ஒன்று என்றால் தூக்கு.
மூன்று என்றால், ஆள் இருக்கிறது,
மெல்லத் தூக்கு.
அப்பன் மேஜையில் கரண்டியால் இதையேதான் அடிப்பான்,
இன்னும் சூப் வேண்டுமென்றால்.

வாத்துக்கு இதெல்லாம் தெரியுமா என்ன.
கை மரத்துப்போகும்வரை அடித்தாள்.
கதவுகள் ஒவ்வொன்றாக வடக்கே சாத்திக்கொண்டன.

விடிந்து பனி கலைந்ததும் நோட்டில்:
பனிவாத்து, கேட்டது, இருநூறு இருக்கலாம்.
போனது, தெரியாது.
தண்ணீரில், பதினொன்று.
‘கேட்டது’ என்பதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

பதினொன்றும் அந்தச் சிவப்பின்மேல்
வெட்கமில்லாத வெள்ளை.
ஒன்று குனிந்து குடித்தது.
படகுத்துறைவரை இறங்கி ஓடினாள்,
கோட்டுப் பையைத் துழாவினாள்,
செம்பாகிப்போன ஆணி ஒன்று.
வீசினாள்.

பத்து எழும்பின.